கார்டில் நான் எழுதிய ‘இல்லை’

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். போனேன். சால்வை போர்த்தினார்கள், பத்து நிமிடம் கொடுத்தார்கள், எட்டாவது நிமிடத்திலேயே மேடையில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சொல்ல வந்ததை முழுங்கிவிட்டு, சிரித்த முகத்தோடு பேசுங்கள், தடுப்பூசி நாளைத் தவற விடாதீர்கள் என்று எதையோ உளறிவிட்டு இறங்கினேன். நீங்களும் கை தட்டினீர்கள். பேருந்தில் காஞ்சிபுரம் திரும்பும் வழியெல்லாம் என் மேலேயே எரிச்சலாக வந்தது.

அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இதில் நல்ல வார்த்தை அதிகம் இருக்காது. கோபம் இருக்கும். யார் மேல் என்று கேட்டால், கொஞ்சம் ஊர் மேல், கொஞ்சம் ஆஸ்பத்திரி மேல், பெரும்பங்கு என் மேல்.

ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பல வருடங்கள் இருந்தேன். சுற்றிலும் நெசவுத் தெருக்கள். அதில் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள் சரண்யா. உண்மைப் பெயர் அது இல்லை. வயது இருபத்து மூன்று. தாய் இல்லாத பெண். அப்பாவும் அண்ணனும் தென்னேரியில் இருந்தார்கள். தாய் இல்லாததால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. வீட்டில் மாமியார், கணவன், இவள், மூன்றே பேர். கணவனும் இவளும் பட்டு நெய்தார்கள்.

மூன்றாவது மாதத்தில் பதிவு செய்ய வந்தாள். மாமியாரும் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தாய் சேய் அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்விகளைக் கேட்டேன். வேறு நோய் ஏதாவது உண்டா? இல்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு? இல்லை. மனசு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா?

“நல்லா இருக்கேங்கா.”

டிக் போட்டேன். பிறகு எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக ஒப்பிக்கும் வாசகத்தை அவளுக்கும் ஒப்பித்தேன். டாக்டர் சொல்லாமல் எந்த மருந்தும் எடுக்கக் கூடாது, அது குழந்தைக்குப் போகும். சரி என்று தலையாட்டினாள். மாமியார் அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தார்.

இந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்த தப்பை உங்களில் எத்தனை பேர் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. மாமியாரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு மருமகளிடம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேட்ட மாதிரியும் ஆயிற்று, கட்டம் நிரம்பிய மாதிரியும் ஆயிற்று. நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இந்த ஒரு கேள்விக்காகவாவது கூட வந்தவரை வெளியே அனுப்ப நமக்கு வாய் வருவதில்லை. மரியாதைக் குறைவாகிவிடுமாம்.

ஆறாவது மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். தறியில் புதுப் பாவு ஏற்றியிருந்தார்கள். பழைய பாவின் இழை முனையோடு புதிய இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். புணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. ஒவ்வொன்றாக முறுக்கி முடிக்க ஒரு நாள் போய்விடும். சரண்யா அந்த வேலையில் இருந்தாள். சாம்பல் கிண்ணம் முகத்துக்குக் கீழேயே இருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது அவள் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது.

என்னம்மா, மூச்சு வாங்குகிறதே என்றேன். வயிறு பெரிதாகிவிட்டதல்லவா என்று மாமியார்தான் பதில் சொன்னார். போன வாரம் காஞ்சிபுரத்தில் டாக்டரிடமே காட்டிவிட்டோம், பிரஷர் சரியாக இருக்கிறது, முதல் பிரசவம் என்பதால் பயம், பயப்படாமல் இரு என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்றார். அந்த டாக்டர் அட்டையைப் பார்த்திருப்பார். ஆஸ்துமா, இல்லை. எழுத்து என்னுடையது.

எடை போடும் மெஷின் நிலையத்தில்தான் இருக்கிறது என்று ஒரு சாக்கு சொல்லி அவளைத் தனியாக அழைத்துக்கொண்டு வந்தேன். கதவைச் சாத்தினேன். உட்காரக்கூட இல்லை, அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதால் மூச்சு இன்னும் வாங்கியது. மூச்சு வாங்கியதும் பயந்துபோய் இன்னும் அழுதாள்.

சிறு வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. முதலில் பார்த்த ஒரு வரன் அதைக் கேள்விப்பட்டுத்தான் விலகிப் போயிருக்கிறது. அடுத்த வரன் வந்தபோது அப்பாவும் அண்ணனும் அவளை வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடமாக, ஜரிகை நூல்கண்டு வைக்கும் தகர டப்பாவுக்குள் இன்ஹேலரை ஒளித்து வைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இழுத்திருக்கிறாள். கணவனுக்கும் தெரியாது.

இப்போது ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“நீங்கதானக்கா சொன்னீங்க, டாக்டர் சொல்லாம எந்த மருந்தும் எடுக்கக் கூடாதுன்னு. அன்னிக்கே நிறுத்திட்டேன்.”

டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்றேன். அத்தை கூடவே வருகிறார்களே, எப்படிக் கேட்பது என்றாள். பிறகு சொன்னதுதான் என்னை இன்றும் விடவில்லை.

“ரெண்டு மூணு வாட்டி முடியாம எடுத்துட்டேங்கா. எடுத்தா மருந்து கொழந்தைக்குப் போவுது. எடுக்காட்டி மூச்சு நின்னுடற மாதிரி இருக்குது, கொழந்தைக்கும்தான காத்து போவாது. எத செஞ்சாலும் அதக் கொல்றது நாந்தான்.”

இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாளாம். காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அழவில்லை. மூன்று மாதமாக இப்படி இருந்திருக்கிறாள். என் பதிவேட்டில் மூன்று மாதமும் நல்லா இருக்கேங்கா என்று டிக் இருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது அவள் அப்பா மேல் கோபம். அடுத்து அந்த டாக்டர் மேல். என் மேல் வர வேண்டியது வர இன்னும் சில மாதம் ஆயிற்று. ஆஸ்துமா உள்ள கர்ப்பிணி தானாக இன்ஹேலரை நிறுத்தக் கூடாது, மருந்தைவிட மூச்சு குறைவதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வாசகத்தை ஒப்பிக்கும்போது, ஏற்கெனவே ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் நீயாக நிறுத்தாதே, என்னிடம் சொல் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒப்பிக்கிற வாசகத்தில் அது இல்லை, அதனால் என் வாயிலும் இல்லை.

மறுநாளே ஏதோ ரத்தப் பரிசோதனை என்று சொல்லி, அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே அப்போது ஒரு மூத்த பெண் டாக்டர் இருந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. இன்ஹேலரை எப்படி, எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று அவள் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னார். சாம்பல் தொடும் வேலை வேண்டாம் என்றார். குழந்தைக்கு இது நல்லதைத்தான் செய்யும் என்பதை மூன்று முறை வெவ்வேறு விதமாகச் சொன்னார். தூக்கம் பற்றியும், காலையில் எழுந்திருக்காமல் போக வேண்டும் என்ற எண்ணம் பற்றியும் தனியாகப் பேசினார். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகரிடம் இந்த வாரமே கூட்டிப் போங்கள் என்று என்னிடம் சொன்னார். கடைசியாக அட்டையைக் கேட்டார், எழுதுவதற்கு.

அட்டை என் பைக்குள்தான் இருந்தது. வீட்டில் விட்டுவிட்டோம் டாக்டர் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள். அந்த வீடுகளில் கார்டு எங்கே இருக்கும் என்று உங்களுக்கும் தெரியவரும். சாமி மாடத்தில் இருக்கும். வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் எடுத்துப் படிப்பார்கள். எடை எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று தெருவே பேசும். அதனால் எங்களைப் போன்ற பழைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே தெரியக் கூடாத சங்கதி என்றால் அட்டையைச் சுத்தமாக வைத்துவிட்டு, எங்கள் சொந்த நோட்டில் குறித்துக்கொள்வோம். முன்பு கலைந்த கர்ப்பம், மறைத்த வலிப்பு, இன்னும் எத்தனையோ. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். அதை ஒரு பெரிய மனிதத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் இதையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன் டாக்டர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“உங்க நோட்டு பிரசவ வார்டுக்குப் போகுமா சிஸ்டர்?” என்று கேட்டார்.

நான் கூடவே போவேன் டாக்டர் என்றேன். அவர் கோபத்தோடு ஒரு சீட்டில் எல்லாம் எழுதி, இதை அட்டையோடு வைத்துத் தைத்துவிடுங்கள் என்று கொடுத்தார். அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. சீட்டு சரண்யாவின் தகர டப்பாவுக்குள் போய்விட்டது.

இன்ஹேலர் மறுபடி ஆரம்பித்ததும் அவள் முகமே மாறியது. பத்து நாளில் தோள் ஏறி இறங்குவது நின்றது. சாம்பல் வாசனை குமட்டுகிறது என்று ஒரு பொய்யை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், புணைக்கும் வேலையிலிருந்தும் தப்பித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆலோசகரிடம் போவதைத் தள்ளிப் போட்டேன். அந்த வாரம் முகாம், அடுத்த வாரம் கணக்கெடுப்பு, அதற்கடுத்த வாரம் அவளே நன்றாகச் சிரிக்கிறாள். மூச்சு சரியானால் மனசும் சரியாகிவிடும் என்று நானே ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். இடையில் ஒரு நாள், பயமாகவே இருக்கிறது அக்கா என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பயப்படாதே என்றேன். எந்த வார்த்தைக்காக அந்தக் காஞ்சிபுரம் டாக்டரை மனசுக்குள் திட்டினேனோ, அதே வார்த்தை.

மூச்சு இரைப்பு வந்தால் பயம் வரும். பயம் வந்தால் மூச்சு இரைக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டால் இரண்டும் திரும்பி வரும். ஒருத்தர் எல்லாம் மனசுதான் என்று அனுப்பினார். நான் எல்லாம் நெஞ்சுதான் என்று அனுப்பினேன். அவள் நடுவில் நின்றாள்.

ஒன்பதாவது மாதம் வளைகாப்பு. நலங்கு வைத்த கையோடு யாரோ அட்டையைத் தொட்டு, மேலே சந்தனமும் எண்ணெயும் கொட்டி, எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. மாமியார் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்படி ஆனால் புது அட்டை எழுதித் தருவோம். எழுத உட்கார்ந்தேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து பேனா போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழையதைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். ஆஸ்துமா என்ற இடம் வந்தது.

முதல் முறை எழுதிய ‘இல்லை’ தெரியாமல் எழுதியது. அதற்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவது முறை தெரிந்தே எழுதினேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் மற்ற எழுத்தைவிடத் தெளிவாகவே எழுதினேன்.

வலி வந்தது ஒரு புதன்கிழமை விடியற்காலையில். புதன் என்றால் நமக்குத் தடுப்பூசி நாள். கூடவே போவேன் என்று டாக்டரிடம் சொன்னவள், நிலையத்தில் பதினைந்து கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தேன். அவளைக் காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து மணி வாக்கில் கணவன் போன் செய்தான். குரலில் சந்தோஷமும் குழப்பமும் கலந்திருந்தது.

“பொண்ணு பொறந்திருக்குதுக்கா. ஆனா ரத்தம் நிக்கலயாம். அதுக்கு ஏதோ ஊசி போடப் போறாங்களாம். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினு போனாங்கோ.”

சரிப்பா என்று போனை வைத்தேன். அடுத்த குழந்தையின் தொடையைத் துடைத்தேன். அப்போதுதான் உறைத்தது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மருந்துகளில் ஒன்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். அதனால்தான் அதைப் போடுமுன் அட்டையைப் பார்ப்பார்கள். அட்டையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டு வார்டுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கே வேலை செய்யும் தெரிந்த செவிலியருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி கணவனுக்கு அடித்தேன். உள்ளே போய்ச் சொல், சரண்யாவுக்கு ஆஸ்துமா இருக்கிறது, ஊசிக்கு முன்னால் பார்க்கச் சொல் என்றேன்.

“யாருக்குக்கா? சரண்யாவுக்கா? ஆஸ்துமாவா? அதெல்லாம் ஒண்ணும் இல்லையே.”

இங்கே நான் இன்னொரு தப்பு செய்தேன். விளக்க ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, உன்னிடம் சொல்லப் பயந்தாள், கோபப்படாதே, நானும் சொல்லாமல் இருந்தது தப்புதான் என்று ஒரு கதையையே அளந்தேன். அவனும் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதல் முறையாகத் தன் மனைவியைப் பற்றிக் கேட்கிறவன் வேறென்ன செய்வான்? உயிர் போகிற நேரத்தில் யாருக்கும் எதையும் விளக்காதீர்கள். கதவைத் தட்டு, ‘ஆஸ்துமா, ஆஸ்துமா’ எனக் கத்து என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதற்கு வாழ்நாள் இருக்கிறது.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யாரோ கதவை இரண்டு கையாலும் அடிக்கிறார்கள். மாமியாரின் குரல்.

“எம்மா, எம் மருமவளுக்கு இழுப்பு இருக்குது. இழுப்பு இருக்குதும்மா அவளுக்கு.”

அங்கன்வாடிப் பணியாளரிடம் தாய்மார்களை உட்கார வைக்கச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது விஷயம் தெரிந்தது. ஊசி அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. ரத்தம் நின்றது. மூச்சு இறுகியது. உதடு நீலம் பாரிக்கும்போது, ஏன் என்று தெரியாமல் உள்ளே நின்றிருந்தார்கள். அட்டை சுத்தமாக இருக்கிறது, நோய் எதுவும் இல்லாத பெண் என்று வேறு எதையெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து அந்தச் சத்தம் வந்த பிறகுதான் ஆஸ்துமாவுக்கான சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கதவுத் தட்டல்தான் அவளைக் காப்பாற்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் இருந்தாள். குழந்தையை ஐந்து நாளும் அவளிடம் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி நடையில் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது உங்களில் யாருக்கும் கிடைக்கக் கூடாது.

“ஒரே கூரைக்குக் கீழ படுத்துக்கினு இருக்கறேன் நர்சம்மா. அவ மூச்சு எனக்குக் கேக்காதா? அந்தத் தகர டப்பாவ நான் பாத்தே ஆறு மாசத்துக்கு மேல ஆவுது.”

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் பையனுக்குத் தெரியும், பையன் இவள் அப்பனைக் கேட்பான், தாயில்லாத பெண்ணைக் கொண்டுபோய் அங்கே விடுவார்கள், வயிற்றுப்பிள்ளையோடு எங்கே போவாள் என்று நினைத்தாராம். குழந்தை பிறக்கட்டும், பிறகு நானே மெதுவாகப் பேசிக்கொள்கிறேன் என்று இருந்தாராம். ஆக, மருமகள் மாமியாரிடம் மறைத்தாள், மாமியார் மருமகளிடம் மறைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பேரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு திரிந்தேன்.

எனக்குக் கடைசியாக ஒரு துரும்பு கிடைத்த மாதிரி இருந்தது. அப்படியானால் காலையில் சேர்க்கும்போது கேட்டார்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன். வெட்கக்கேடு.

“வாய் வரைக்கும் வந்துச்சும்மா. அவங்கோ கார்டப் பாத்துக்கினேதான் கேட்டாங்கோ. அதுல நீங்க இல்லன்னு எழுதி வெச்சிருக்கீங்க. போன மாசம் என் கண்ணு முன்னாடிதான் எழுதினீங்க, புதுக் கார்டுல. நீங்க படிச்சவங்க, அவள டாக்டருகிட்டல்லாம் கூட்டிக்கினு போனவங்க. சரியாப் போயிட்டிருக்குது போலன்னு நெனச்சிக்கினேன்.”

அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வலியில் கிடந்தவளைத் தவிர, உண்மை தெரிந்த ஒரே வாய் அந்த வாசலில் நின்றிருக்கிறது. அதை அடைத்தது என் எழுத்து. நம் கையெழுத்துக்கு அந்த வீடுகளில் என்ன மதிப்பு என்று தெரியுமா உங்களுக்கு? தங்கள் காதால் கேட்ட மூச்சைவிட நாம் எழுதியதை நம்புவார்கள். இதை நினைத்து யாராவது பெருமைப்பட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஆய்வுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எனக்கு மெமோ வந்தது. அது நியாயம். அநியாயம் என்னவென்றால், கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது நம்மைப் போன்ற இரண்டு மூன்று பேர் என் பக்கத்தில் வந்து, நானும் அப்படித்தான் அக்கா செய்கிறேன், உங்களுக்கு நேரம் சரியில்லை என்றார்கள். நேரமாம். இந்த நேரம்தான் அட்டையாகி, இன்னும் எத்தனை வீட்டில் சாமி மாடத்தில் சுத்தமாக உட்கார்ந்திருக்கிறதோ. ரகசியம் காப்பது நம் கடமைதான். தெருவுக்குத் தெரியாமல் காக்கலாம், உறவுக்குத் தெரியாமல் காக்கலாம். வைத்தியம் பார்க்கப் போகிற கைக்குத் தெரியாமல் காத்தால் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து, இதை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லி, வீட்டில் எப்படிச் சொல்லலாம் என்று அவளோடு சேர்ந்து யோசித்திருக்கலாம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தைவிட ஒரு வார்த்தை எழுதுவது சுலபமாக இருந்தது.

இன்று சரண்யாவின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இன்ஹேலர் இப்போது சன்னல் மேடையில், சீப்புக்கும் பவுடருக்கும் பக்கத்தில் இருக்கிறது. கணவன் ஒரு மாதம் போல முகம் கொடுக்கவில்லை, பிறகு சரியானான். ஆலோசகரிடம் பல மாதம் போனாள், அவன்தான் வண்டியில் கூட்டிப் போனான். அதெல்லாம் தொடங்கியது ஒரு காலை நேரத்தில். அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரம் வீட்டுக்குப் போனேன். உள்ளே கணவன் நெய்துகொண்டிருந்தான். மாமியார் மடியில் குழந்தை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். சரண்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் குழந்தையை எடை போட்டேன், தொப்புளைப் பார்த்தேன், அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்துமா என்ற இடத்தில் ‘இல்லை’யை அடித்து ஆஸ்பத்திரியில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். பார்க்காத மாதிரி பக்கத்தைத் திருப்பினேன். இத்தனையும் நடந்த பிறகும், அத்தனை பேர் முன்னாலும், அதே குரலில் கேட்டேன், மனசெல்லாம் எப்படிம்மா இருக்கிறது என்று. கேட்கும்போதே பேனா தன்னால் போய்க்கொண்டிருந்தது.

சரண்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

“நல்லா இல்லக்கா. எழுதிக்குங்க.”

தறிச் சத்தம் நின்றது. நான் ஏற்கெனவே டிக் போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினேன்.